துப்பாக்கிக்கு மஞ்சள் நீராட்டு

தாராளமாக உட்காருங்கள் சார். துப்பாக்கிதான், வேறொன்றுமில்லை. தோட்டா போடவில்லை. லைசன்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது. நீங்கள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் இதை நடுவில் நிறுத்திக்கொள்வேன். மேலே கம்பியில் போட மனசு வரவில்லை. கண்டக்டர் இதற்கு அரை டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போகிறார், பார்த்தீர்கள் அல்லவா? எங்கள் ஊர் வழியாக ஓடுகிற பஸ். அவருக்கும் கதை தெரியும்.

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்தபிறகுதான் திரும்பக் கிடைக்கும். அங்கேதான் கொண்டுபோகிறேன்.

மஞ்சள் துணியா? அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். குழலின் வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் யாராவது நல்ல எண்ணத்தில் உள்ளே துடைத்துவிட்டால்? துடைக்கக் கூடாது. ஏன் கூடாது என்று சொல்ல மலை இறங்குகிற நேரம் பிடிக்கும். நீங்கள் எதுவரை? வத்தலக்குண்டா? போதும்.

எனக்கு ஊசிப்பாறை. மலைவாழை, காப்பி, கொஞ்சம் மிளகு. பெயர் வீரணன். கேட்டுவிட்டுக் கடைசியில் சிரித்துக்கொள்ளுங்கள், பெயர் வைத்தது நானில்லை.

எங்கள் ஊரில் மாசி மாதம் எல்லைக் கருப்புக்குப் பாரிவேட்டை. சாமி மரக்குதிரையில் ஏறி வேட்டைக்குப் புறப்படுவார். காட்டோரம் எல்லைக்கல் வரைக்கும்தான். மனிதர்கள் வேட்டையாடத் தடை இருக்கிறது. சாமிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு பூசணிக்காய்க்குக் குச்சியில் காலும் வாலும் வைத்து, கரி பூசி, காட்டுப்பன்றி என்று எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சாமி வந்து நின்றதும் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியில் வெடி போட வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால்தான் சாமி ஊருக்குத் திரும்பும். கேட்காவிட்டால் திரும்பாது. இதுவரை கேட்காமல் இருந்ததில்லை என்பதால் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

அந்த வெடி போடுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. அப்பா இறந்ததும் அவருடைய லைசன்ஸ் போய்விட்டது, துப்பாக்கியைத் தாலுகாவில் ஒப்படைத்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்காக என் மச்சான் ராசாங்கம் வெடி போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்தின் அண்ணன். எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் வாங்கிய பழைய துப்பாக்கி அவரிடம் இருந்தது. வெடி அவர் போடுவார். தலையில் பரிவட்டம் எனக்குக் கட்டுவார்கள். பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அவர் பக்கத்தில் நிற்பேன். எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

போன வருஷம் கோயில் கூட்டத்தில் யாரோ ஆரம்பித்தார்கள். "வெடி ஒருத்தர், பரிவட்டம் ஒருத்தர்னா நல்லாவா இருக்கு? அடுத்த மாசிக்கும் வீரணன் கையில துப்பாக்கி இல்லைன்னா உரிமையை ராசாங்கம் வீட்டுக்கே மாத்தி விட்டுருங்க. வெடியோட பரிவட்டமும் போகட்டும்."

மச்சான், "அதெல்லாம் வேணாம்ப்பா" என்றார். அவர் வேண்டாம் என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆசைப்படுகிறவன் அப்படித்தான் சொல்வான். நான் எழுந்தேன். அடுத்த மாசிக்குள் துப்பாக்கி வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நன்றாக உட்கார்ந்திருக்கலாம் சார். நான் உட்காரவில்லை.

"இன்னொன்னும் சொல்றேன். பழைய துப்பாக்கில எவன் எவன் எதை எதைச் சுட்டானோ, யாருக்குத் தெரியும்? சாமிக்கு வெடி போடுற துப்பாக்கில முதல் வெடி சாமி வெடியா இருக்கணும். மத்தது எதுவும் இனி எல்லைக்கல்லுக்கு வரக் கூடாது" என்றேன்.

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பூசாரி சடையன் சூடத்தை அணைத்து அதை உறுதி பண்ணிவிட்டார். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லதுதான மாப்ளே" என்று எழுந்து போனார். அன்றைக்கு நான் வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

லைசன்ஸ் வாங்க நடந்தேன். வாழையைக் காட்டுப்பன்றி தோண்டுகிறது, பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்று மனு. பொய்யில்லை, தோண்டத்தான் செய்கிறது. பன்றியை நினைத்து நடக்கிறாயா, மச்சானை நினைத்து நடக்கிறாயா என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

தை பிறந்து மதுரைக் கடையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தேன். ரெட்டைக் குழல். வடக்கே எங்கேயோ ஒரு ஃபாக்டரியில் செய்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கடைக்காரர் பிரித்துக் காட்டுகிறேன் என்றபோதுகூட வேண்டாம் என்றுவிட்டேன். பொண்ணு பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் பஞ்சவர்ணம் ஆரத்தி எடுத்தாள்.

பெட்டியைப் பிரித்தோம். குட்டையிலிருந்து எழுந்து வந்த எருமை மாதிரி இருந்தது சார். மேலெல்லாம் தவிட்டு நிறத்தில் கிரீஸ். அதில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. மரக்கட்டையில் யாரோ ஒருவனுடைய கட்டைவிரல் ரேகை, கைநாட்டு வைத்த மாதிரி தெளிவாக.

"ஏங்க, புதுசுதானா?" என்றாள்.

"வாய மூடு. புதுசு இப்படித்தான் இருக்கும்" என்றேன். குழலை மடக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். கறுப்பு. விரலை விட்டு எடுத்தேன். கரி. முகர்ந்து பார்த்தேன். தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசல் பெருக்கும்போது ஒரு நாற்றம் வருமே, அது.

எனக்கு முன்னால் யாரோ சுட்டிருக்கிறான்.

கடைக்குப் போன் போட்டேன். "அண்ணே, குழல்ல கரி இருக்கு. எனக்குப் பழைய துப்பாக்கியத் தள்ளி விட்டுட்டீங்க."

"அதெல்லாம் இல்லீங்க. ஃபாக்டரில ஒவ்வொண்ணையும் சுட்டுப் பாத்துத்தான் அனுப்புவாங்க. மருந்தை அதிகமாப் போட்டுச் சுடுவாங்க. குழல் தாங்குதான்னு பாக்கணும்ல? தாங்காம உங்க மூஞ்சில வெடிச்சாப் பரவால்லையா?"

"சுட்டவங்க துடைச்சு அனுப்ப மாட்டாங்களா?"

"துடைக்கணும்தான். அவசரத்துல விட்டிருப்பாங்க. நீங்க மண்ணெண்ணெய்ல கழுவி, துணியால துடைச்சு, எண்ணெய் விட்ருங்க. உள்ள விசையிலயும் பழைய கிரீஸ் இருக்கும். அதை எடுக்கலைன்னா..."

அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. "யாரு சுட்டது?" என்றேன்.

"ஃபாக்டரில ஒருத்தரு."

"எப்பேர்ப்பட்டவரு?"

"எப்பேர்ப்பட்டவருன்னா?"

"இல்ல, சாமிக்கு உள்ள துப்பாக்கி. அதான்."

"மெஷின்ல கட்டிவச்சுக் கயித்தை இழுத்துச் சுடுவாங்க. மனுசக் கையே படாது. போதுமா?" என்று வைத்துவிட்டார்.

கயிற்றை இழுத்தது யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை சார். தப்பாக நினைக்காதீர்கள். என் தோட்டத்தில் எல்லா ஜனங்களும்தான் வேலை செய்கிறார்கள். வாசல் வரைக்கும் வருவார்கள், நானே தண்ணீர் ஊற்றுவேன். ஆனால் சாமி காரியம் என்று வரும்போது ஒரு சந்தேகம் வருகிறதே, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பஞ்சவர்ணம் சொன்னாள்: "துடைச்சு வச்சுட்டுப் பேசாம இருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

சரியான புத்தி. அவளுக்கு எப்போதும் சரியான புத்திதான். நான்தான் ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் சடையன் பூசாரியிடம் போய் நின்றேன். ரகசியமாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"நீ போட்ட சட்டம்தானப்பா?"

"நான்தான்."

"முதல் வெடி சாமி வெடின்னே. இப்ப ஃபாக்டரிக்காரன் வெடி ஆயிருச்சு."

"அதுக்குத்தான் ஒரு வழி கேட்டு வந்தேன்."

துப்பிவிட்டு வந்து வழி சொன்னார். தீட்டு என்றால் மஞ்சள் தண்ணீர்தான். மூன்று நாள் காலையில் குழலுக்குள் மஞ்சள் தண்ணீர் ஊற்று. மூன்றாம் நாள் ஊர் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது அதற்கும் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் புதுசுதான். ஆனால் ஒன்று. காப்புக் கட்டினபிறகு திருவிழா முடிகிற வரைக்கும் எண்ணெய் படக் கூடாது. நமக்கே அப்போது எண்ணெய்க் குளியல் கிடையாது, தாளிப்புக் கிடையாது. துப்பாக்கிக்கு மட்டும் எப்படி?

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது எப்படியோ இருக்கிறது. அப்போது நியாயமாகப் பட்டது.

பஞ்சவர்ணம் சீயக்காய் போட்டு மேல் கிரீஸைத் தேய்த்துக் கழுவினாள். நான் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் குழலில் ஊற்றினேன். முதல் நாள் கறுப்பாக வந்தது. அடுத்த நாள் பழுப்பாக வந்தது. அதற்கடுத்த நாள் மஞ்சளாகவே வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் குழல் பளபளவென்று இருந்தது. உள்ளே விசை இருக்கிற இடத்துக்கும் தண்ணீர் போயிருக்குமே, அங்கே கிரீஸ் அப்படியே இருக்குமே என்று தோன்றவில்லை. தீட்டுப் போய்விட்டது, அழுக்கு எங்கே போகும் என்று நினைத்தேன்.

ரகசியம் அன்றைக்கே டீக்கடைக்குப் போய்விட்டது. "வீரணன் வீட்ல துப்பாக்கி சமைஞ்சிருச்சாம்ல?" என்று ஆரம்பித்தார்கள். "எத்தனை நாள் தனியா உக்கார வச்சீங்க?" என்று கேட்டார்கள். இதே கண்டக்டர் கேட்டார் சார்.

காப்புக் கட்டுகிற அன்றைக்கு மச்சான் வந்தார். சும்மா வரவில்லை. தாய்மாமன் சீர் கொண்டுவருகிற மாதிரி, தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ, ஒரு புதுத் துண்டு. பின்னால் ஊரே சிரித்துக்கொண்டு வந்தது. தாம்பாளத்தில் பழத்துக்குப் பக்கத்தில், குழல் துடைக்கிற கம்பி ஒன்றும் ஒரு பாட்டில் எண்ணெயும் இருந்தன.

"பொண்ணு எங்க மாப்ளே? கண்ணுல காட்டுங்க" என்றார். ஊர் சிரித்தது. பிறகு என் காதோரம் குனிந்து மெதுவாக, "விளையாட்டுக்கு மத்தது. இந்தக் கம்பியும் எண்ணெயும் நெசம். விசையைக் கழட்டித் துடைக்கணும். வேணும்னா நான் செஞ்சு தர்றேன்" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. காப்புக் கட்டின பொருளுக்கு எண்ணெய் கொடுக்கிறாரே, சாமி குற்றம் என் தலையில் விழட்டும் என்றுதானே என்று நினைத்தேன். கம்பியைக் கொல்லையில் வெண்டைச் செடிக்கு முட்டுக் கொடுத்தேன். எண்ணெயைப் பஞ்சவர்ணம் தையல் மெஷினுக்கு விட்டுக்கொண்டாள். இப்போது அவள் மெஷின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

பாரிவேட்டை அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாமி எல்லைக்கல்லுக்கு வந்து நின்றது. பந்தம் இரண்டு பக்கமும். தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பூசணிப் பன்றிக்கு முன்னால் பரிவட்டத்தோடு நின்றேன். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினேன். பூசாரி கையைக் காட்டினார். தப்பு நின்றது.

விசையை இழுத்தேன்.

டிக்.

சுவரில் பல்லி சொல்லுமே, அவ்வளவுதான். அடுத்த குழலுக்கு உள்ள விசையை இழுத்தேன். அதில் அந்தச் சத்தம்கூட இல்லை. களிக்குள் விரலை விட்ட மாதிரி ஒரு சப்.

குதிரையைச் சுமந்திருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். அந்த அமைதியில் கீழே என் தோட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாழைத்தண்டு முறிகிற சத்தம். பிறகு உறுமல். பிறகு சவக் சவக்கென்று மெல்லுகிற சத்தம். காட்டுப்பன்றி. ஊரே கேட்டது சார். எந்தப் பன்றியைச் சொல்லி லைசன்ஸ் வாங்கினேனோ அது.

"விருந்தாளி வந்துட்டாங்க" என்றது ஒரு குரல். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ராசாங்கம், நீ போடுப்பா" என்றார் யாரோ. பூசாரி தலையை ஆட்டினார். "அது பழசு. எல்லைக்கு வரக் கூடாதுன்னு சூடம் அணைச்சாச்சு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாமி போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றது. நிறுத்தியது நான். அடுத்த மாசிக்கு இந்த இடத்தில் நிற்கப் போவது என் வீட்டு ஆள் இல்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. என் அப்பா நின்ற இடம். துப்பாக்கி கனமாக இருந்தது.

மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. ஒரு குத்தல். அவர் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, மடக்கி, தோட்டாக்களை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். பந்தம் பிடித்தவனைக் கிட்டே கூப்பிட்டார். விசை இருக்கிற பக்கத்தைப் பந்தத்துச் சூட்டில் காட்டினார். கறுப்பும் மஞ்சளுமாகச் சொட்ட ஆரம்பித்தது. தன் வேட்டி நுனியைப் பந்தத்து எண்ணெயில் நனைத்து இடுக்கில் பிழிந்தார்.

"எண்ணெய்டா, ராசாங்கம்" என்றார் பூசாரி.

"சாமி பந்தத்து எண்ணெய். சாமி எண்ணெய் சாமி துப்பாக்கிக்கு ஆகாதா?"

பூசாரி யோசித்தார். குதிரைக்கு அடியில் ஒருவன், "ஆகும்னு சொல்லுங்க பூசாரி, தோளு போகுது" என்றான். பூசாரி ஆகும் என்றார்.

மச்சான் மடக்கி, நிமிர்த்தி, விசையை இழுத்து இழுத்துப் பார்த்தார். டிக் என்றது கொஞ்சம் கொஞ்சமாக டக் என்று ஆனது. பிறகு அவரே சுட்டிருக்கலாம். துப்பாக்கி அவர் கையில், ஊர் அவர் பக்கம். தோட்டாவுக்குக் கையை நீட்டினார், கொடுத்தேன், போட்டார். துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார்.

"சுடு மாப்ளே. ஒண்ணு ஒண்ணா."

அந்த ஒண்ணு ஒண்ணா என்பது காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. இரண்டு விரலையும் விட்டு இரண்டையும் சேர்த்து இழுத்துவிட்டேன். மலையே வெடித்த மாதிரி இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, ஈரம். பூசணிக்காய்மேல் உட்கார்ந்திருந்தேன். காலும் வாலும் இரண்டு பக்கமும் தெறித்துக் கிடந்தன. எங்கள் ஊர் வரலாற்றிலேயே பாரிவேட்டைப் பன்றியை உட்கார்ந்து கொன்றவன் நான் ஒருவன்தான். சாமி திரும்பிவிட்டது. பன்றியும் ஓடிவிட்டது, அசல் பன்றி. உரிமை தங்கிவிட்டது.

மச்சான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியில் கிரீஸ் கறையோடு வரிசையில் நின்று பிரசாதப் பூசணித்துண்டு வாங்கிக்கொண்டு போனார். அதுதான் சார் எனக்கு ஆறவே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நேற்றுச் சாயங்காலம் வந்தார். "மஞ்சத்தண்ணி குடிச்ச குழல் மாப்ளே. சுட்டதோட வச்சிருக்கீங்க. ஸ்டேஷன்ல ஈரச் சுவரு வேற. துடைச்சு எண்ணெய் விட்டுக் கொடுங்க" என்றார். நான் முடியாது என்றேன். உள்ளே இருக்கிற கரி ஃபாக்டரிக்காரன் கரி இல்லை. சாமிக்குப் போட்ட வெடியின் கரி. என் கையால் போட்டது. அதைத் துடைக்கச் சொன்னால்? அவருக்குள் எங்கேயோ ஒரு பொறாமை இருக்கத்தான் இருக்கிறது.

கடைசி வளைவு வந்துவிட்டது, ஊர் விளக்குத் தெரிகிறது பாருங்கள். பொறுமையாகக் கேட்டீர்கள். இருங்கள், துணியை அவிழ்க்கிறேன். கொஞ்சம் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். கருப்பு பிரசாதம், லேசில் கிடைக்காது. விரலை விட்டு எடுத்தால் போதும்.

கரிதான் வர வேண்டும்.

சிவப்பாக இருக்கிறதே.

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும் சார். நானும் மண்வெட்டி, அரிவாள் வைத்திருக்கிறவன்தான். மழைக்காலம் முடிந்து எடுத்தால் இதே நிறத்தில்தான் கையில் ஒட்டும். ஸ்டேஷனுக்கு எதிரில் சைக்கிள் கடை இருக்கிறதா? எண்ணெய் வைத்திருப்பானா? சரி. இறங்கியதும் போகிறேன். கட்டாயம் போகிறேன். மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்கு அவரைத் தெரியாது என்றாலும்.

நெற்றியைக் காட்டுங்கள். பஸ் ஸ்டாண்ட் வருகிற வரைக்கும் இது குங்குமம்தான்.